காதுக்குள் கேட்கும் சத்தம்: படிவத்தில் எதை டிக் செய்வது?

பேரணாம்பட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பொங்கலிலிருந்து வலது காதில் ஓயாத சத்தம். டேனரியில் (தோல் பதனிடும் இடம்) தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். வேலூரில் காது அழுக்கு எடுத்தாச்சு, குறையவில்லை. ஆடியோகிராமில் (காது கேட்கும் அளவைக் காட்டும் படம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு இறங்குகிறது, அதாவது அந்த உச்ச ஸ்தாயிச் சத்தம் குறைவாகத்தான் கேட்கிறது.

அடுத்த வாரம் காட்டப்போகும் இடத்தின் படிவம் முழுக்க இங்கிலீஷ்: ரிங்கிங், பஸ்ஸிங், ஹிஸ்ஸிங், ஹம்மிங், பல்ஸேட்டிங். போனில் மொழிபெயர்த்தால் பாதிக்கு மேல் 'இரைச்சல்' என்றே வருகிறது, என்னத்தைச் சொல்ல! அப்பா சொல்வது: "உஸ்ஸுனு, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஆவி சீறுமே, அப்படி. ஃபேன் நின்னா ஜாஸ்தி." நாடி பிடித்துப் பார்த்தேன், துடிப்போடு சேரவில்லை, அதனால் பல்ஸேட்டிங் இல்லை. ராத்திரியில் மட்டும் மெல்லிசாக 'ஙொய்' என்றும் கேட்கிறதாம்.

காது சம்பந்தமாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்: ஹிஸ்ஸிங் மட்டும் போடுவதா, ரிங்கிங்கும் சேர்த்தா?