பழைய மரக் கிச்சன் செட்: முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

சுண்டெலி அப்பா

மகளுக்கு மூன்று வயது முடிய இன்னும் 24 நாள். தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடந்த, குழந்தைகள் விளையாடும் மரக் கிச்சன் செட் ஒன்று சும்மாவே கைக்கு வந்தது. அடுப்பு, சிங்க், ஓவன், மேலே ஒரு தட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே அலமாரி மாதிரி, என் இடுப்பு உயரம் வரும். வெளியே பச்சை பெயின்ட், அது உரிந்த இடத்தில் மஞ்சள், அதற்கும் கீழே வெள்ளை. எனக்கு முன்னால் குறைந்தது இரண்டு அப்பாக்களாவது இதில் கை வைத்திருக்கிறார்கள் போல.

ஓவன் கதவு ஒரு கீலில் தொங்குகிறது, இன்னொரு கீலில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அடிப்பலகை ஈரம் ஏறி உப்பியிருக்கிறது. அடுப்புக் குமிழைத் திருகினால் சத்தம் வர வேண்டுமாம், பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்தால் ஒரே வெள்ளைப் பொருக்கு.

நேற்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு மூலையைத் தேய்ப்பதற்குள் மனைவி வந்து "அது என்ன பெயின்ட்டுன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது. நிறுத்திவிட்டேன். மரம் தெரியும் வரை சுரண்ட வேண்டுமா, மேலேயே அடிக்கலாமா? எந்த பெயின்ட்? இதுவரை நான் அடித்தது ஒரே ஒரு கேட், அதுவும் சொட்டுச் சொட்டாக வழிந்தது.

மரத்தூள்

வீட்டம்மா கேட்டதுதான் முதல் கேள்வி. வயது தெரியாத பொம்மை, மூன்று அடுக்கு பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறதா என்று பார்க்காமல் உப்புத்தாள் வைக்கவே கூடாது. அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 1978-ல் தடை வந்தது, பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான், சில இடங்களில் இன்னும் சரியான விதியே இல்லை. பொம்மை புதிதாக இருந்தாலும் முந்தைய அப்பா வீட்டில் மிச்சமிருந்த கேட் பெயின்ட்டை அடித்திருக்கலாம், அதற்கு யார் பொறுப்பு?

பெயின்ட்டில் தேய்த்துப் பார்க்கும் ஈயச் சோதனைக் குச்சிகள் கிடைக்கும், ஈயம் இருந்தால் நிறம் மாறும். மேல் அடுக்கில் மட்டும் தேய்த்தால் மேல் அடுக்கைப் பற்றி மட்டும்தான் தெரியும். பிளேடால் சாய்வாக ஒரு சின்ன வெட்டு போட்டு பச்சை, மஞ்சள், வெள்ளை மூன்றும் கோடு கோடாகத் தெரியும்படி செய்து அங்கே தேய்க்க வேண்டும். குச்சி சில நேரம் ஏமாற்றும், சந்தேகம் இருந்தால் பெயின்ட் சீவலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது நல்லது. ஈயம் இருக்கிறது என்று வந்தால் மேலே அடித்து மூடிக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், அந்த வயதில் விளிம்பைக் கடிக்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

நேற்று தேய்த்த மூலையில் விழுந்த தூளைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள்.

நாலுமணிக் காப்பி

மேலே சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஈயம் இல்லை என்று வந்த பிறகும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டாம். உரிகிற இடத்தை மட்டும் எடுத்து, ஓரத்தில் படி தெரியாமல் 120 நம்பர், அப்புறம் 220 நம்பர் தாளால் தேய்த்துச் சமன் செய்தால் போதும். மற்ற இடத்தில் பளபளப்பு போகும் அளவுக்கு ஒரு தேய்ப்பு.

அடிப்பலகை உப்பியிருக்கிறது என்பதைப் பார்த்தால் அது மரம் இல்லை, எம்டிஎஃப் அல்லது பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மர நாரையோ தூளையோ பசையோடு அழுத்திச் செய்த பலகை. இந்த இரண்டும் ஒருமுறை ஊதினால் பழையபடி இறங்காது, காயவைத்தாலும் சரி, மேலே கல் வைத்தாலும் சரி. நகத்தால் குத்தினால் உதிர்கிறதா? உதிர்ந்தால் அந்தப் பலகையையே வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள், நான்கு ஸ்க்ரூ வேலைதான். உதிரவில்லை என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு மேட்டைத் தேய்த்துச் சமமாக்கி, விளிம்பில் தண்ணீர் கலந்த மரப்பசை ஒரு பூச்சு. எம்டிஎஃப் விளிம்பு பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், முகப்பில் ஒரு கோட், விளிம்பில் ஐந்து கோட் என்று ஆகிவிடும், பசை பூசினால் அந்தத் தாகம் அடங்கும். கீழே நான்கு ரப்பர் புஷ் அடித்துவிட்டால் தரை துடைக்கும்போது மறுபடி ஈரம் ஏறாது.

எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி மெல்லியது. வெளியே வைத்துத் தேயுங்கள், என்95 முகமூடி போடுங்கள், கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

சுண்டெலி அப்பா

மூன்று அடுக்கிலும் சோதித்தேன், நிறம் மாறவில்லை. சீவலையும் அனுப்பியிருக்கிறேன், மனைவி விடவில்லை. நகத்தால் குத்தினேன், கெட்டியாகத்தான் இருக்கிறது. பக்கப் பலகையில் வெள்ளைக்குக் கீழே வழவழவென்று மைக்கா மாதிரி ஏதோ இருக்கிறது. அதனால்தான் உரிகிறதா?

பல்குச்சி

அதேதான். மைக்கா மேல் பெயின்ட் நேராகப் பிடிக்காது, முன்னால் அடித்தவர் பிரைமரை, அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, மறந்திருக்கிறார். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் பிசுக்குப் போகத் துடைத்து, 220-ல் லேசாகக் கீறிவிட்டு, அரக்கு கலந்த பிரைமர் அல்லது வழவழப்பில் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமர் அடியுங்கள். மறுநாள் ஒரு மூலையில் செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், வராவிட்டால் பெயின்ட்டுக்குப் போகலாம்.

கதவு ஓட்டைக்கு என் பெயரே பதில். பல்குச்சியை மரப்பசையில் முக்கி, ஓட்டை நிரம்பும்வரை இரண்டு மூன்று சொருகி, பசை காய்ந்ததும் வெளியே நீட்டுவதை நறுக்கிவிட்டுப் பழைய ஸ்க்ரூவையே மெதுவாகத் திருகுங்கள். என் மகனுடைய அலமாரிக் கதவு இப்படித்தான் நான்கு வருடமாக நிற்கிறது, அவன் அதில் தொங்கிய பிறகும்.

கீல் பக்கத்து இடுக்கையும் பாருங்கள். ஐரோப்பியப் பொம்மை விதிப்படி அங்கே 5 மில்லிமீட்டர் கம்பி நுழைந்தால் 12 மில்லிமீட்டர் கம்பியும் நுழைய வேண்டும். அதாவது விரலே போகக் கூடாது, போனால் நசுங்காமல் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஆபத்து.

இரட்டைவால் அம்மா

எல்லாரும் பெயின்ட்டையே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அந்தப் பேட்டரியிலும், கதவைப் பிடிக்கும் காந்தத்திலும்தான். காந்தம் ஆடினால் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடுங்கள். இரண்டை விழுங்கினால் உள்ளே குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும், அறுவை சிகிச்சை வரை போகும். சத்தப் பெட்டியில் இருப்பது பொத்தான் பேட்டரி என்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்டியோடு எடுத்துவிடுங்கள், தொண்டையில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கும். சாதாரண அல்கலைன் செல் என்றால் கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் அந்தப் பொருக்கைத் துடைக்கலாம், மூடிக்குக் கட்டாயம் ஸ்க்ரூ இருக்க வேண்டும். நான் எங்கள் வீட்டில் எடுத்தேவிட்டேன். ஒரு வாரம் என் பிள்ளைகளே வாயால் சத்தம் போட்டார்கள், அது இன்னும் கொடுமை.

அப்புறம், இடுப்பு உயரம் என்கிறீர்கள். எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்குங்கள். குழந்தை கதவைத் திறந்து அதில் ஏறி நிற்கும்.

மரத்தூள்

24 நாளில் எத்தனை மிச்சம்? தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் கதவை மூடி வைத்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பட்டையாக உரியும். அதனால் கதவை முதலில் கழற்றி முதலில் அடியுங்கள், உடல் அப்புறம். குழந்தைகள் பொம்மைக்கு உகந்தது, இஎன் 71-3 (ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம்) என்று டப்பாவில் இருந்தால் நல்லது. ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக மூன்று கோட், தடிமனாக ஒரு கோட் வேண்டாம். உங்கள் கேட் வழிந்ததும் அதனால்தான்.

சுண்டெலி அப்பா

சீவல் முடிவு வந்துவிட்டது, ஈயம் இல்லை. 15 நாள் மிச்சம். கதவுகளுக்கு மூன்றாவது கோட் முடிந்து கயிற்றில் தொங்குகின்றன. சத்தப் பெட்டியும் காந்தமும் குப்பைக்குப் போய்விட்டன, இனி கதவைப் பிடிக்க மரத்தில் ஒரு தாழ்க்கட்டை. பிறந்தநாள் வரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று துணி போட்டு மூடியிருந்தேன், இன்று காலை பார்த்தால் பெயின்ட் அடிக்காத ஓவனுக்குள் அவளுடைய கரடிப் பொம்மை போர்வையோடு படுத்திருக்கிறது. தூங்குகிறதாம், எடுக்கக் கூடாதாம். உள்பக்கத்துக்கு பெயின்ட் அடிக்காமல் தேய்த்து மட்டும் விட்டால் பரவாயில்லையா?

பல்குச்சி

உள்ளே அடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, பெயின்ட் உதிராத இடமாக இருந்தால் சரி. விளிம்பில் பசை பூச மட்டும் மறந்துவிடாதீர்கள். கரடி எழுந்ததும்.