சிகரெட்டுக்கு 40, பீடிக்கு 18: திங்கள்சந்தைக் கடையில் கண்டது

குமரி மாவட்டம் திங்கள்சந்தையில் நான் பெட்டிக்கடை நடத்துகிறேன். புகையிலைக்கு வரியை ஏற்றலாமா கூடாதா என்று வாதிடுவோர், விலை ஏறியபின் கடை வாசலில் நடப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால் இதைப் பகிர்கிறேன்.

2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடானது; நீளத்துக்கேற்ற கலால் வரியும் கூடியது. பாக்கெட்டாக வாங்கியவர்கள் சில்லறையாகக் கேட்கத் தொடங்கினார்கள். புதிதாகப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர் வருவதையே நிறுத்தினார்கள். எனக்கு வருமானம் குறைந்தாலும், வரி உயர்வை நான் ஆதரிப்பதற்கு அவர்களே முதற்காரணம். ஆனால் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அண்ணன், விலையைக் கேட்டுவிட்டு, "எனக்கு இனி பீடி மதி (போதும்) தம்பி" என்று ஒரு கட்டை எடுத்துக்கொண்டார். பீடிக்கான வரியோ அதே நாளில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. ஏழையின் நுரையீரலுக்கு மட்டும் சலுகை விலையில் நோயை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கள்ளச் சரக்கு பெருகும் என்கிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. எச்சரிக்கைப் படமே இல்லாத பாக்கெட்டுகளை என்னிடமும் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அதைச் சோதனையால்தான் தடுக்க வேண்டும். வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட காலத்தில் கேரளத்தை ஒட்டிய களியக்காவிளை எல்லையைச் சொல்லி வாதிட இடமிருந்தது, ஜி.எஸ்.டி. வந்தபின் இரு பக்கமும் ஒரே விகிதம்தான்.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தவர் பீடி சுற்றும் ஓர் அக்காள். "பீடிக்கு வரி போட்டா எங்க கூலியிலதான் பிடிப்பாவ" என்றார். வரி குறைந்ததால் கூலி கூடியதா என்று கேட்டேன், இல்லை என்றார். ஆகவே, வரிச்சலுகை அவரைக் காக்கிறது என்ற வாதத்தை நான் நம்பவில்லை. ஆயினும் அவருடைய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. பீடித் தொழிலாளர் குடும்பங்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் உதவிய நலநிதிக்கென்றே பீடிமீது வசூலிக்கப்பட்ட தனித் தீர்வை, 2017 இல் ஜி.எஸ்.டி.யோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. பீடிக்கும் வரியை உயர்த்தி, அந்தத் தொகையில் ஒரு பகுதி சுற்றும் பெண்களின் நலநிதிக்கும் மாற்றுத்தொழில் பயிற்சிக்கும் மட்டுமே செல்லும் எனச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பணம் முதலில் வரட்டும், வரியைப் பிறகு ஏற்றட்டும் என்றார் அவர். அந்த வரிசை நியாயமானதென்றே நானும் கருதுகிறேன்.