வெளிநாட்டுக் கடையில் பிடிபட்டால்: வடசென்னைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பாரிமுனையில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். வீடு பெரம்பூர். என்னைத் தேடி வரும் பெற்றோரில் சிலருக்கு இப்போதெல்லாம் இந்த ஊரில் வழக்கே இருப்பதில்லை. மகனோ மகளோ லண்டனிலோ டெக்சஸிலோ டொராண்டோவிலோ படித்துக்கொண்டிருப்பார்கள். நகை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அனுப்பிய பிள்ளை. சூப்பர் மார்க்கெட்டில் எதையோ பையில் போட்டுக்கொண்டு, காசு கொடுக்காமல் வெளியே வந்து பிடிபட்டிருக்கும். பெற்றவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "மேடம், அந்தக் கடைக்குக் காசைக் கட்டிட்டா முடிஞ்சிடுமா?"

முடியாது. ஏன் முடியாது, அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புதிதாகப் போயிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காகவே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் ஒரு பையன் சட்டையை ஒளித்துப் பிடிபட்டால், ஏரியா பெரியவர் ஒருவர் வருவார், கடை முதலாளியிடம் பேசுவார், பணத்தைக் கொடுத்துவிட்டு ரெண்டு அறை விட்டு வீட்டுக்கு அழைத்துப் போவார். கேஸ் பதிவாகியிருந்தாலும் பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303-வது பிரிவில், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. இது போக 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட வழி இருக்கிறதா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் போயிருக்கும் நாடுகளில் போலீஸ் வழக்குப் போட்ட பிறகு அது கடைக்காரர் கையில் இருப்பதில்லை. இங்கிலாந்திலும் கனடாவிலும் அது அரசரின் பெயரில் நடக்கிற வழக்கு. அமெரிக்காவில் மாநிலத்தின் பெயரில் நடக்கும். கடை மேனேஜர் மனம் இரங்கினாலும் பெரும்பாலும் அவரால் அதை நிறுத்த முடியாது. கடையின் சார்பில் ஒரு கடிதம் வரும், இவ்வளவு டாலர் கட்டுங்கள் என்று. அது சிவில் கோரிக்கை மட்டும்தான். அதைக் கட்டினாலும் கிரிமினல் வழக்கு தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வக்கீலிடம் காட்டாமல் அதற்குப் பதிலும் எழுதாதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றை மனசு கஷ்டத்தோடு சொல்கிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிச் சின்ன வயதிலேயே ஒரு பாடம் படித்துவிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் அடி விழும், "ஆமா சார்" என்று சொல்லி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்பது அந்தப் பாடம். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதற்காக எந்தப் பிள்ளையையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பழக்கத்தோடு வெளிநாட்டில் நீங்கள் சொல்லும் "ஆமா சார்", உங்கள் விசாவைக் காவு வாங்கும். அங்கே பேசாமல் இருப்பது உங்கள் உரிமை. மரியாதையாக, "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொன்னால் போதும். பெயர், முகவரி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பொய்ப் பெயர் கொடுத்தால் அதுவே தனிக் குற்றம் ஆகிவிடும்.

செக்யூரிட்டி நிறுத்தினால் ஓடாதீர்கள். அவர் கையைத் தட்டிவிடுவது, தள்ளிவிடுவது எதுவும் வேண்டாம். பத்துப் பவுண்டுப் பொருளோடு பலப்பிரயோகம் சேர்ந்தால் அதைக் கொள்ளை வழக்காக மாற்றப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் கொள்ளைக்கு அதிகபட்ச தண்டனை ஆயுள். கடையின் உள்ளறையில் ஒரு தாளை நீட்டி, 'நான்தான் எடுத்தேன்' என்று எழுதி வாங்கப் பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இனி இந்தக் கடைக்குள் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். அமெரிக்காவில் அப்படிப் போவது அத்துமீறல் வழக்கு.

நாமே பொருளை ஸ்கேன் செய்து காசு கட்டுகிற செல்ஃப் செக்அவுட் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பொருளை ஸ்கேன் செய்ய நிஜமாகவே மறந்துபோனால் அது திருட்டு ஆகாது, திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். ஆனால் விலை குறைந்த பொருளின் பார்கோடை ஒட்டி ஸ்கேன் செய்வது, விலை அதிகமான பழத்தை வெங்காயம் என்று எடை போடுவது இதெல்லாம் மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாதவை. கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. "சீனியர் பசங்க எல்லாரும் செய்றாங்க" என்று ரூமில் யாராவது சொல்லிக் கொடுத்தால் அந்த ஆளோடு கடைக்கே போகாதீர்கள். கூட நின்று மறைத்தவர் மேலும் வழக்கு வரும்.

இங்கிலாந்தில் சிறு மதிப்புள்ள கடைத் திருட்டு பொதுவாக மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு முடிகிற வழக்கு. முதல் முறை என்றால் பெரும்பாலும் கோர்ட் வரைக்கும்கூடப் போகாது. காஷன் என்று, போலீஸே பதிவு செய்து கொடுக்கிற ஒரு எச்சரிக்கையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் பிள்ளைகள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற இடம் இதுதான். காஷன் தண்டனைத் தீர்ப்பு இல்லை, உண்மைதான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அதைக் கொடுக்க முடியும். சாதாரண வேலைகளுக்கு அது அப்போதே காலாவதி ஆனதாகக் கணக்கு. விசா, குடியுரிமை விண்ணப்பங்களுக்கு அந்தக் காலாவதி செல்லாது, அங்கே சொல்லியே ஆக வேண்டும். நர்ஸ், பராமரிப்பு வேலை போன்றவற்றுக்கான விரிவான சோதனையில் 6 ஆண்டுகள் வரை அது தெரியும். கோர்ட்டில் சிறை இல்லாத தண்டனையானால் 11 ஆண்டுகள்.

காஷனை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் வலுவாக இருந்தால் கோர்ட்டுக்குப் போவதைவிட அது நல்லதாகக்கூட இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது வக்கீலோடு பேசிய பிறகு. ஸ்டேஷனில் உங்களுக்கு ட்யூட்டி சொலிசிட்டர் என்ற முறை வக்கீல் இலவசம். வருமானம், விசா வகை எதையும் பார்க்க மாட்டார்கள். கைது செய்யாமல் "ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்று கடிதம் போட்டு அழைக்கும் விசாரணைக்கும் அது உண்டு. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். ஆங்கிலம் தெரியும் என்ற கௌரவத்துக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அமெரிக்கா இன்னும் சிக்கலானது. மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறும். நியூ ஜெர்சியில் 200 டாலரை எட்டினாலே வழக்கு பெரிய குற்றங்களின் பிரிவுக்குப் போய்விடும். கலிபோர்னியாவில் அந்த வரம்பு 950 டாலர், டெக்சஸில் 2,500. நியூ ஜெர்சியில் 200-க்குக் கீழே இருந்தாலும் தண்டனையானால் முதல் முறைக்கே குறைந்தது 10 நாள் சமூக சேவை உண்டு.

ஆனால் மாணவர் விசாவிலோ ஹெச்-1பி வேலை விசாவிலோ இருப்பவருக்கு அபராதமும் சமூக சேவையும் சின்ன விஷயம். திருட்டை அங்கே குடிவரவுச் சட்டம் ஒழுக்கக்கேடான குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. நாட்டுக்குள் நுழைந்த 5 ஆண்டுகளுக்குள் அப்படி ஒரு குற்றம் செய்து, அதற்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தால், நாடுகடத்த அதுவே போதும். எவ்வளவு விதித்தார்கள் என்பது கணக்கில்லை, எவ்வளவு விதித்திருக்க முடியும் என்பதுதான் கணக்கு. இந்த ஒரு நாள் வித்தியாசத்தால் குடும்பங்கள் சிதைவதைப் பார்த்துத்தான் கலிபோர்னியா 2015 முதலும் நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களின் உச்ச தண்டனையை ஓராண்டிலிருந்து 364 நாட்களாகக் குறைத்தன. டெக்சஸில் 750 டாலர் முதல் 2,500 வரைக்குமான திருட்டுக்கு உச்சம் ஓராண்டு, அதற்குக் கீழே 100 டாலர் வரை 180 நாட்கள்தான். ஆக, பையில் இருந்த பொருளின் விலைச் சீட்டே ஒரு பிள்ளை அங்கே இருப்பதையும் திரும்பி வருவதையும் தீர்மானிக்கலாம். பொருள்களின் மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

மறுபடி விசா கேட்கும்போதோ கிரீன் கார்டு கேட்கும்போதோ ஒரு சிறு குற்ற விலக்கு இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு குற்றம், அதற்கான உச்ச தண்டனை ஓராண்டைத் தாண்டக் கூடாது, விதித்த சிறை 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. முதல் தடவை மாட்டிய பல பிள்ளைகளைக் காப்பாற்றுவது இதுதான். இரண்டாவது தடவைக்கு இது கிடையாது.

இதைவிட ஆபத்தானது, நல்ல மனசோடு நீட்டப்படுகிற ஒன்று. "முதல் தடவை, குற்றத்தை ஒப்புக்கொள், ஒரு வருஷம் ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்" என்பார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அது வரம். உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு நிபந்தனையோ தண்டனையோ விதித்தாலே, குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்பு. பின்னால் தள்ளுபடி ஆனாலும் அப்படித்தான். ஒப்புதல் கேட்காத திட்டங்களும் இருக்கின்றன, வக்கீல் அதற்காகப் பேச வேண்டும். 2010-இல் பாடிலா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதை ஒப்புக்கொண்டால் என் விசா என்ன ஆகும்?" தெரியாது என்று அவர் சொன்னால், குடிவரவு வக்கீல் ஒருவரிடமும் கேட்ட பிறகுதான் அடுத்த அடி.

கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்யும் அதிகாரமும் அமெரிக்க அதிகாரிகளுக்கு உண்டு. திருட்டு, தாக்குதல் போன்றவற்றில் சிக்கினால் விசா ரத்தாகலாம், இனி விசாவே கிடைக்காமல் போகலாம் என்று இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே 2025 ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தது. முறையான அனுமதியின்றி உள்ளே வந்தவர்கள் போன்றோர் கடைத் திருட்டில் கைதானாலே காவலில் வைக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

கனடாவில் 5,000 டாலருக்குக் கீழே உள்ள திருட்டு தனிப் பிரிவு. மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளியாகவோ இருப்பவருக்குத் தண்டனைத் தீர்ப்பு வந்தால் நாட்டில் இருக்கும் தகுதியே போய்விடும். ஆனால் நீதிபதி டிஸ்சார்ஜ் கொடுத்தால், அதாவது தண்டனைத் தீர்ப்பைப் பதியாமல் விடுவித்தால், அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. அதற்கும் முன்பே டைவர்ஷன் என்ற, கோர்ட் விசாரணை இல்லாமல் நிபந்தனைகளோடு முடிக்கிற வழியைக் கேட்டுப் பெற்று வழக்கைத் திரும்பப் பெற வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருப்பவருக்கு இந்த ஒரு வழக்கால் அவ்வளவு ஆபத்து இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பசங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சாதாரணத் திருட்டுக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு, கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று பிரிவு போட்டால் 7 ஆண்டு வரை. வேலை பாஸும் ரத்தாகலாம்.

எந்த நாடானாலும் 18 முடிந்தவர் பொதுவாக வயது வந்தவர்தான். "காலேஜ் பையன் சார், சின்னப் பையன்" என்ற வாதம் மனிதாபிமானத்துக்கு உதவலாம், சட்டப் பிரிவை மாற்றாது.

பிறகு ஒருநாள் விசா படிவம் நிரப்ப உட்காருவீர்கள். அமெரிக்கப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் பதில் 'ஆம்' தான். பிரிட்டன் படிவம் காஷனையும் கேட்கும். ஏஜெண்ட் யாராவது "அதெல்லாம் போடாதே, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் ஏமாற்றி விண்ணப்பித்ததாகத் தீர்மானித்தால் 10 ஆண்டு தடை வரலாம். ஒரு சாக்லெட் டப்பாவை மன்னித்துவிடக்கூடிய அதிகாரி, பொய்யை மன்னிக்க மாட்டார்.

பசியால் எடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாடகை கட்டிய பிறகு கையில் ஒன்றும் இல்லாமல், வீட்டில் சொன்னால் அம்மா இன்னொரு வளையலை அடகு வைப்பாள் என்று பயந்து, ரொட்டியையும் முட்டையையும் பையில் போட்டவர்கள். தம்பி, தங்கச்சி, பல பல்கலைக்கழகங்களில் கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்கு உதவி நிதி இருக்கிறது, போய்க் கேளுங்கள். இல்லாதவருக்கு இலவசமாக உணவு கொடுக்கும் ஃபுட் பேங்கில் உணவு வாங்குவது பிச்சை இல்லை. பிரிட்டனில் மாணவர் விசாவில் அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனைக்குள்ளும் அது வராது. குருத்வாராவில் சாதி, மதம், விசா எதையும் கேட்காமல் சோறு போடுவார்கள்.

பெற்றோருக்கு: போனில் கத்தாதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை தனியாக இருக்கிறது. கைதாகியிருந்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி அது கேட்கலாம், 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. தூதரகம் வழக்கை ரத்து செய்யாது, ஆனால் வக்கீல்களின் பட்டியல் கொடுக்கும், பிள்ளையைப் போய்ப் பார்க்கும். இங்கிருந்து யாரையாவது பிடித்து "மேலிடத்தில் பேசி முடிக்கிறேன்" என்று பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் அங்கே உள்ள வக்கீலுக்குப் போகட்டும். கோர்ட் தேதிக்குப் பயந்து பிள்ளையை ஊருக்கு வரவழைக்காதீர்கள். ஆஜராகாவிட்டால் வாரண்ட் வரும், அது பல வருஷம் கழித்து ஏதாவது ஒரு விமான நிலையத்தில் எதிரே வந்து நிற்கும்.

வழக்கு எப்படி முடிந்தாலும், அது முடிந்ததற்கான கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலை அப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நகல் பிள்ளையிடம் இருக்கட்டும், ஒன்று பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ உங்கள் வீட்டு பீரோவில் பாஸ்போர்ட் நகலோடு இருக்கட்டும். அடுத்த விசாவுக்கு முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.