கிளாசிக் 350: சைலன்சர் மாற்றிய பிறகு இறக்கத்தில் படபட வெடிப்பு

வண்டி 2022 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக், பிஎஸ்6, 21,000 கி.மீ. ஓடியது. இடம் கோவை. ஒன்றரை மாதத்துக்கு முன் வெளிமார்க்கெட் ஷார்ட் சைலன்சர் போட்டேன். பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) பழையதே, ஆக்ஸிஜன் சென்சாரைத் தொடவில்லை. ஐடிலில் சத்தம் அருமை. ஆனால் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கிறது. குன்னூரிலிருந்து கல்லாறு இறங்கும்வரை ஓயவே இல்லை. இன்ஜின் லைட் எரியவில்லை, மைலேஜும் குறையவில்லை.

எக்ஸாஸ்ட் போர்ட் கேஸ்கெட் (இன்ஜினில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் வளையம்) புதிதாக மாற்றியாச்சு. டிபி கில்லர் (சைலன்சர் வாய்க்குள் செருகும் சத்தக் குறைப்பான்) போட்டால் வெடிப்பு பாதியாகிறது, ஆனால் 70-80 வேகத்தில் காதைக் குடையும் ரீங்காரம். சைலன்சரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு கருகி, ஓட்டைக் குழாயைச் சுற்றிப் பாதி காலி. புது கிளாஸ் வூல் இறுக்கிச் சுற்றியதில் தகர ஓசை போனது, வெடிப்பு அப்படியேதான்.

எனக்குச் சந்தேகம் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் ஜாயிண்ட் மேல். ஐடிலில் சைலன்சர் வாயை ஈரத்துணியால் லேசாக அடைத்தால் கிளாம்ப் பக்கம் 'உஸ்' என்கிறது, அங்கே விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. சைலன்சர் கழுத்து பெண்ட் பைப்பைவிட சுமார் 1 மி.மீ. பெரிது. கிளாம்ப்பை முழுக்க இறுக்கியும் பிடிக்கவில்லை. அந்த வழியாகக் காற்று புகுந்து எரியாத பெட்ரோல் குழாய்க்குள் பற்றுகிறது என்றே நினைக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் ஈசியூ ரீமேப்புக்கு (இன்ஜின் கம்ப்யூட்டரின் பெட்ரோல் செட்டிங்கை மாற்றுவதற்கு) காசு கொட்டுவது வீண்.

இந்த 1 மி.மீ. இடைவெளிக்கு கிராஃபைட் கேஸ்கெட் தாங்குமா, இல்லை லேத்தில் ஸ்டீல் ஸ்லீவ் கடைந்து போடுவதுதான் வழியா?