மகள் பி.எஸ்சி. இயற்பியல் கேட்கிறாள், சேர்க்கலாமா?

கேள்வி (திண்டுக்கல் அப்பா):
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள், விசாரித்த கல்லூரியிலும் இயற்பியலில் பாதி இடம் காலியாம். கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது.

இயற்பியல் டீச்சர்:
சார், இடம் காலியாக இருப்பது பாடத்தின் குறை இல்லை. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேராகப் பிளஸ் டூ விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், ஒரு ஊசலை ஆட்டிவிட்டு நேரம் அளந்து பார்க்காத பிள்ளைக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? அதையும் மீறி உங்கள் மகள் கேட்கிறாள் என்றால் தடுக்காதீர்கள். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில்தான். பி.எஸ்சி. முடித்து ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான திருப்பதி ஐசருக்குத் (IISER) தனி நுழைவுத் தேர்வு, அதையும் பாருங்கள்.

கோவை மெக்கானிக்கல்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் சம்பளத்தையும் பேச வேண்டும். பம்ப் கம்பெனியில் எனக்கு முதல் சம்பளம் 12,000, அதே வருடம் ஐடிக்குப் போன நண்பனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கல்விக்கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? வேலை பிடித்திருந்ததால் நான் தாக்குப்பிடித்தேன், அப்பாவும் கூட நின்றார்.

திண்டுக்கல் அப்பா:
நன்றி டீச்சர், நன்றி தம்பி. ஜாம் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். நாளை அவளோடு போய் விண்ணப்பம் வாங்குகிறேன்.