பிரிஸ்டலில் 70-க்கு 34: கிரீன் கட்சி ஜெயித்ததா, முதலிடம் மட்டும் பிடித்ததா?

பெட்மின்ஸ்டர்வாசி
வாட்ஸ்அப் குழுவில் நேற்று முழுக்க இதே சண்டை. அங்கே பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் ஒழுங்காகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். 2024 மே 2-ஆம் தேதி நடந்த பிரிஸ்டல் மாநகராட்சித் தேர்தலில் மொத்தம் 70 இடங்கள். கிரீன் 34, லேபர் 21, லிபரல் டெமாக்ரட் 8, கன்சர்வேட்டிவ் 7. தனிப் பெரும்பான்மைக்கு 36 வேண்டும். "மக்கள் நகரத்தைக் கிரீன் கையில் கொடுத்தாயிற்று, தைரியமாக ஆளட்டும்" என்பது என் வாதம். "இரண்டு குறைந்தாலும் குறைந்ததுதான், அடக்கி வாசிக்கட்டும்" என்பது மறுதரப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போதாவது நிதானமாகப் பேசலாம்.

சிவப்பு ரோஜா
மறுதரப்பு நான்தான். வணக்கம்.

கிரீன் வளரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016-ல் 11, 2021-ல் 24, 2024-ல் 34. லேபர் அதே காலத்தில் 37, 24, 21 என்று இறங்கியது. ஆனால் கடைசிப் பத்து இடங்கள் எதற்காகக் கிடைத்தன? அந்த வசந்தத்தில் லேபர்காரர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி காசா போர். அடுத்தது, வருஷத்துக்கு 28 பில்லியன் பவுண்டு பசுமை முதலீடு என்ற வாக்குறுதியை லேபர் தலைவராக இருந்த ஸ்டார்மர் பிப்ரவரியில் கைவிட்டது. இரண்டுமே நியாயமான கோபம்தான். ஆனால் கவுன்சிலர் பார்ப்பது குப்பை, வாடகை வீடு, முதியோர் பராமரிப்பு, பிளானிங். வெஸ்ட்மின்ஸ்டரின் தேசிய அரசியல்மேல் இருந்த ஆத்திரத்தில் விழுந்த ஓட்டை, "எங்கள் கொள்கைக்குக் கிடைத்த ஆணை" என்று எடுத்துக்கொண்டால் எப்படி?

வன்னிக்காற்று
ரோஜா அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. நான் ஈஸ்ட்டனில் இருக்கிறேன். காசா பற்றிக் கதைத்தார்கள், உண்மை. ஆனால் எட்டு வருடமாக மேயர் அலுவலகம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் கதைத்தார்கள். அரீனா விடயம் மறந்துபோச்சா? டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய அரங்கு கட்டுவது என்று எவ்வளவோ காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 செப்டெம்பரில் மாநகரசபை கூடி, அங்கேதான் கட்ட வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தது. அடுத்த நாளே லேபர் மேயர் மார்வின் ரீஸ் அதை நிறுத்தினார். சபையின் வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது, சட்டம் அப்படி. அரங்கு ஃபில்ட்டன் பக்கம் போனது, இன்றைக்கும் திறக்கவில்லை.

தெரிவுசெய்த உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பில்லை என்று சனம் கண்ணால் கண்டது. 2024 முடிவின் வேர் அங்கே இருக்கிறது.

சிவப்பு ரோஜா
அரீனாவை இழுத்தால் முழுக் கதையையும் இழுங்கள். மேயர் பதவியை வேண்டும் என்று கேட்டதே இந்த ஊர். 2012 மே மாதம் இங்கிலாந்தில் பத்து நகரங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவி உருவாக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. "ஆம்" சொன்னது பிரிஸ்டல் ஒன்றுதான்! பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், அதே ஊர் 59 சதவீதத்தில் அதை ஒழித்தது. அன்று ஓட்டுப் போட வந்தவர்கள் 28.6 சதவீதம். ஊரில் பத்தில் ஏழு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

பிராட்லிஸ்டோக்
அண்ணே, இதெல்லாம் இருக்கட்டும். குப்பைக்கு வருவோம். கறுப்புத் தொட்டியை நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுப்போம் என்று கிளம்பினார்களே, டயப்பர் போடுகிற குழந்தை இருக்கிற வீட்டில் என்ன செய்வது? நம் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு இந்த அநியாயமா?

கூட்டல்கழித்தல்
பிராட்லி ஸ்டோக் சவுத் குளோஸ்டர்ஷையர் கவுன்சிலில் இருக்கிறது. உங்கள் வரி பிரிஸ்டலுக்கு வருவதே இல்லை. பிரிஸ்டல் தேர்தலில் உங்களுக்கு ஓட்டும் கிடையாது.

பிராட்லிஸ்டோக்
அஞ்சல் முகவரியில் பிரிஸ்டல் என்றுதானே போடுகிறோம்!

கூட்டல்கழித்தல்
அது ராயல் மெயிலின் ஊர் 🙂 நம் ஆட்களில் பலர் ஏர்பஸ், ரோல்ஸ்-ராய்ஸ் பக்கம் வேலை என்பதால் ஃபில்ட்டன், பேட்ச்வே, பிராட்லி ஸ்டோக்கில்தான் இருக்கிறோம். அதெல்லாம் சவுத் குளோஸ்டர்ஷையர். அங்கே 2023-ல் தேர்தல் முடிந்து லிபரல் டெமாக்ரட்டும் லேபரும் சேர்ந்து நடத்துகிறார்கள். யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் கவுன்சில் டாக்ஸ் பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இனி அசல் கேள்வி. 34 என்பதே ஓட்டுமுறை ஊதிப் பெருக்கிய எண். பிரிஸ்டலில் 34 வார்டுகள். ஒரு வார்டுக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள். இரண்டு பேர் வார்டு என்றால் நம் கையில் இரண்டு ஓட்டு, பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒரே கட்சிக்குக் குத்திவிடுவார்கள். 100 பேரில் 40 பேர் அப்படிச் செய்து, மற்ற 60 பேர் மூன்று கட்சிகளுக்குச் சிதறினால், அந்த 40 பேரின் கட்சிக்கு இரண்டு இடமும் போகும். மற்றவர்களுக்குப் பூஜ்யம். கிரீனுக்கு மொத்த ஓட்டில் பாதி கிடைக்கவில்லை, இடங்களில் மட்டும் கிட்டத்தட்ட பாதி.

பெட்மின்ஸ்டர்வாசி
சரி, அதே அளவுகோலை லேபருக்கும் வையுங்கள். 2025 மே மாதம் வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து மேயர் (பிரிஸ்டலும் அக்கம்பக்கமும் சேர்ந்த வட்டாரத்துக்கான தனிப் பதவி) தேர்தலில் லேபரின் ஹெலன் காட்வின் ஜெயித்தது 25 சதவீத ஓட்டில். நாலில் ஒருவர்! இரண்டாமிடம் ரிஃபார்ம் கட்சியின் ஆரன் பேங்ஸ், மூன்றாவது கிரீன். அப்போது ரோஜாக்காரர்கள் யாராவது "ஆணை இல்லை, அடக்கி வாசியுங்கள்" என்றார்களா?

சிவப்பு ரோஜா
நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

கூட்டல்கழித்தல்
யாருக்கு லாபமோ அவர்கள் இந்த முறையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள், எல்லாக் கட்சியும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் 2007-இலிருந்து உள்ளாட்சிக்கு விருப்ப வரிசை போட்டு ஓட்டளிக்கிறார்கள், யாருக்கும் தலை சுற்றவில்லை. இங்கிலாந்தில் கவுன்சில் விரும்பினாலும் மாற்ற முடியாது, நாடாளுமன்றம் மனது வைக்க வேண்டும்.

வன்னிக்காற்று
கணக்கு சரி, தம்பி. ஆனால் இங்கே அந்த ஊதல் பெரிய கெடுதி செய்யவில்லை. மேயர் போனதும் குழு முறை வந்துவிட்டது. எட்டுக் கொள்கைக் குழுக்கள், எல்லாவற்றிலும் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் உறுப்பினர்கள். ஒன்பது பேர் இருக்கிற குழுவில் பகிர்ந்து பாருங்கள்: 4, 3, 1, 1. கிரீன் நினைத்ததை நிறைவேற்ற, வேறு கட்சியிலிருந்து ஒருவரையாவது இணங்க வைக்க வேண்டும். கிரீனின் டோனி டயர் சபைத் தலைவர்தான். ரீஸுக்கு இருந்த அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே "ஆளட்டுமா, அடங்கட்டுமா" என்ற கேள்வியே எனக்குப் பொருந்தாததாகத் தெரிகிறது.

சிவப்பு ரோஜா
எனக்கு வயிறு எரிவதே அங்கேதான் அக்கா. எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால், தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது? மேயர் காலத்தில் முகம் தெரியும். அரீனா என்றால் ரீஸ், வீடு என்றால் ரீஸ். பிடிக்காவிட்டால் அவரைத் தூக்கலாம். இப்போது கேட்டால் "குழு முடிவு", "அதிகாரிகளின் பரிந்துரை", "முந்தைய நிர்வாகத்தின் திட்டம்".

பார்ட்டன் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் பிரிஸ்டல் லிவபிள் நெய்பர்ஹுட். குறுக்குத் தெருக்களில் கார் புகாதபடி பூச்செடித் தொட்டி, பேருந்துக்கு மட்டும் வழி. ஊர்க்காரர்கள் தெருவில் நின்று வேலையைத் தடுத்தார்கள். கடைசியில் 2025 மார்ச்சில் விடியற்காலை மூன்று மணிக்குப் போலீஸ் காவலோடு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். தூங்குகிற நேரம் பார்த்துச் செய்கிற வேலைக்கு ஆணை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பெட்மின்ஸ்டர்வாசி
அந்தத் திட்டத்தை ஆரம்பித்தது உங்கள் லேபர் நிர்வாகம்.

சிவப்பு ரோஜா
பார்த்தீர்களா? "முந்தைய நிர்வாகத்தின் திட்டம்." நான் சொல்லி ஒரு நிமிஷம் ஆகவில்லை.

வன்னிக்காற்று
😂 இதில் ரோஜா அண்ணைக்கு ஒரு புள்ளி.

ஆனாலும் அந்தப் பகுதி பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். பார்ட்டன் ஹில்லில் சோமாலிக் குடும்பங்கள் அதிகம். பலர் டாக்சி ஓட்டுகிறார்கள், பராமரிப்பு வேலைக்கு நேரம் கெட்ட நேரத்தில் போகிறார்கள். பஸ் இல்லாத நேரம் அது. காரைத் திருப்பிவிட்டால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதே பகுதியில் காரே இல்லாத வீடுகளும் நிறைய, அந்த வீட்டுப் பிள்ளைகள் நடந்துதான் பள்ளிக்கூடம் போகின்றன. இரண்டு பக்கமும் ஏழைகள்தான். கருத்துக்கேட்பு இணையப் படிவத்தை நிரப்பியவர்களை வைத்துத் திட்டம் போட்டால் இப்படித்தான் விடியற்காலையில் போலீசோடு போக வேண்டி வரும். இது கிரீனுக்கும் பொருந்தும், முன்னே இருந்தவர்களுக்கும் பொருந்தும்.

பெட்மின்ஸ்டர்வாசி
அதில் எனக்கு மறுப்பில்லை. மூன்று மணிக்குப் போனது அசிங்கம். ஆனால் குப்பை விஷயத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். 2025 தொடக்கத்தில் மூன்று வாரமா நாலு வாரமா என்று கருத்துக் கேட்டார்கள், ஊரே கொதித்தது, நாலு வாரம் என்ற பேச்சை உடனே எடுத்துவிட்டார்கள். பெரும்பான்மை இல்லாத கட்சி, ஊர் பேச்சைக் கேட்டது. மேயர் காலத்தில் சபையே வாக்களித்தும் கேட்கவில்லையே.

சிவப்பு ரோஜா
கேட்டார்களா, பயந்தார்களா? கொள்கை என்றால் நின்று வாதாட வேண்டும். ஒரே வாரத்தில் கை கழுவுவதற்குப் பெயர் ஜனநாயகமா?

கவுன்சில் டாக்ஸும் அப்படித்தான். 2025-ல் 4.99 சதவீதம் ஏற்றினார்கள்.

கூட்டல்கழித்தல்
முந்தைய வருஷம் லேபர் ஏற்றியதும் 4.99. அதற்கு மேல் போனால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதால் எல்லாக் கவுன்சிலும் அந்தக் கோட்டில் போய் நிற்கிறது. பணத்தில் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் பராமரிப்புக்குப் போகிறது. அது சட்டப்படி செய்தே ஆக வேண்டிய செலவு. மிச்சத்தில்தான் நூலகம், பூங்கா, நாம் சண்டை போடுகிற தொட்டி எல்லாம். நிறம் மாறினாலும் இந்தப் பகுதி மாறாது.

பிராட்லிஸ்டோக்
லேபர் எம்.பி. தங்கம் டெபனேர் தோற்றதும் இதோடு சேர்ந்ததுதானா? பெயரைப் பார்த்து நம் ஆள் என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

வன்னிக்காற்று
தகப்பன் வழியில் இந்திய, இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர். மாநகரசபைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் கழித்து, ஜூலை 4 பொதுத் தேர்தலில், பிரிஸ்டல் சென்ட்ரலில் கிரீனின் கார்லா டென்யரிடம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். நாடு முழுக்க லேபர் வாரிச் சுருட்டிய அதே இரவில்! டென்யர் இங்கே பல வருடம் கவுன்சிலராக இருந்தவர். 2018-ல் காலநிலை அவசரநிலைத் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்ததும் அவர்தான். வெறும் கோப வாக்கு என்றால் மே மாதமே அடங்கியிருக்கும், ஜூலை வரை ஏன் வந்தது, அண்ணை?

சிவப்பு ரோஜா
கோபத்துக்கு இரண்டு மாதம் ஆயுள்கூடக் கிடையாதா அக்கா? என் வீட்டில் இரண்டு வருஷம் ஓடும். அப்புறம், அந்தத் தொகுதியில் மாணவர்கள் எவ்வளவு பேர் என்று பாருங்கள். மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், தொட்டியோடு வாழ்வது நாம்.

பெட்மின்ஸ்டர்வாசி
வாடகை கட்டுகிறார்கள், பஸ்ஸில் போகிறார்கள், அவர்களுக்கும் ஊர்தான். 2021-ல் ரீஸ் ஜெயித்தபோது இந்த மாணவர்கள் எங்கே போயிருந்தார்கள்?

புதுவரவு24
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முதுகலை படிக்க வந்திருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட், மாணவர் விசா. எனக்கு ஓட்டு உண்டா?

கூட்டல்கழித்தல்
உண்டு. இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் உள்ளாட்சி, பொதுத் தேர்தல் இரண்டிலும் போடலாம். ஆனால் தானாகப் பெயர் சேராது, இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2023-இலிருந்து புகைப்பட அடையாளம் கட்டாயம், இந்தியப் பாஸ்போர்ட்டே போதும்.

சிவப்பு ரோஜா
பிரிஸ்டல் கவுன்சிலுக்கு அடுத்த தேர்தல் 2028-ல்தான். அதுவரை இங்கேயே இருந்தால், பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போடுவது என்று அப்போது நான் தனியாக வந்து பேசுகிறேன்.

கூட்டல்கழித்தல்
காலாவதி ஆனாலும் படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.