பங்கின் ஆண்கள் குழுக்களை வாட்ஸ்அப் வழியாக நடத்துவது எப்படி?

கேள்வி: முத்துநகர்ப் பங்கு

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு (ஆலயச் சமூகம்). 12 அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு), ஏறத்தாழ 200 ஆண்கள். பாதிப் பேர் விசைப்படகு, மீதி துறைமுகம், அனல்மின் நிலையம் என்று ஷிப்ட் வேலை. கொஞ்சம் பேர் வெளிநாட்டில். அன்பியக் கூட்டத்துக்குப் பெண்கள்தான் வருகிறார்கள். ஆண்களுக்கென்று சிறு குழுக்கள் வைத்து, வாரம் ஒருமுறை இறைவார்த்தைப் பகிர்வு, மாதம் இருமுறை நோயாளர் சந்திப்பு என்று தொடங்கலாம் என்கிறார் ஃபாதர். இப்போது இருப்பது ஒரே வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் படமும் கட்சிச் செய்தியும் நிறைந்து, அறிவிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. தனி ஆப் செய்து தர ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வாங்கலாமா? உதவிப் பணத்தை எப்படி வசூலிப்பது?

பதில் 1: கரையோரம்

தனி ஆப் வேண்டாம். போனில் பதிவிறக்க வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், செய்து கொடுத்தவர் கைவிட்டால் ஒரு போன் அப்டேட்டில் நின்றுபோகும். படகில் போகிறவர் கையில் ஏற்கெனவே இருப்பது வாட்ஸ்அப். அதிலேயே பல குழுக்களை ஒரே குடையின் கீழ் வைக்கும் ‘கம்யூனிட்டி’ தொடங்குங்கள். அதனுடன் வரும் அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். உறுப்பினர்களின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது. திருப்பலி நேர மாற்றம், இறப்பு, சிலுவைப்பாதை எல்லாம் அங்கே. நாளுக்கு ஒரு செய்திக்கு மேல் போடாதீர்கள். மீறினால் ம்யூட் செய்துவிடுவார்கள், பிறகு திரும்ப இழுப்பது கடினம்.

அதன் கீழே சிறு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 பேர். ஷிப்ட் மாறும் வாரத்திலும் ஐந்து பேராவது தேறுவார்கள். 15 பேராகிவிட்டால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். அன்பியவாரியாகப் பிரிக்கத் தோன்றும். உங்கள் பங்கில் அது ஓடாது, வேலை நேரவாரியாகப் பிரியுங்கள். படகுக்காரர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பகல் ஷிப்ட்காரர்கள் ஏதாவது ஒரு மாலை. சிறு குழு அமைப்பில் இரண்டைக் கட்டாயம் மாற்றுங்கள்: உறுப்பினர் சேர்ப்பது நிர்வாகி மட்டும், புதியவருக்கு ஒப்புதல் தேவை.

கம்யூனிட்டிக்கு மூன்று நிர்வாகிகள் இருக்கட்டும்: ஃபாதர், பங்குப் பேரவைச் செயலாளர், விவரம் தெரிந்த இளைஞர் ஒருவர். ஃபாதருக்கு மாற்றல் வந்தால், அவர் கிளம்புமுன் புதிய ஃபாதரை நிர்வாகியாக்கி விடுங்கள்.

பதில் 2: அன்பியப் பொறுப்பாளர்

வருகைக்கு ‘போல்’ (வாட்ஸ்அப் வாக்கெடுப்பு) போடும்போது ‘வருவேன்’, ‘வர இயலாது’ என்று இரண்டே விருப்பம் வையுங்கள். ‘பார்க்கிறேன்’ என்று மூன்றாவது இருந்தால் எல்லா விரலும் அதில்தான் போய் நிற்கும். பல விடைகளை அனுமதிக்கும் பொத்தானை அணைக்க மறக்காதீர்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள். கடலில் சிக்னல் இருக்காது. பகலில் போட்டது கரை வந்து சேரும்போது அடியில் புதைந்திருக்கும். பதில் போடாதவரைக் குழுத் தலைவர் தானே போனில் கூப்பிட வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டால் குழு இரண்டு மாதத்தில் கலையும்.

பகிர்வுக்கு வரும் ஞாயிறு நற்செய்தி போதும். வியாழன் இரவு அந்தப் பகுதியின் அதிகார, வசன எண்ணையும், இரண்டு நிமிடக் குரல் பதிவில் வாசகத்தையும், ஒரே ஒரு கேள்வியையும் போடுங்கள். எழுத்தை விடக் குரலைக் கேட்பவர்கள் அதிகம், வலையைச் சரிசெய்துகொண்டே கேட்கலாம். நோயாளர் சந்திப்புக்கு ‘போல்’ வேண்டாம். ‘யார் போகிறீர்கள்?’ என்றால் யாரும் போகமாட்டார்கள். லூக்கா 10இல் ஆண்டவர் அனுப்பியதுபோல இருவர் இருவராகப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

தொடங்க நல்ல சமயம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். மாதா வணக்க மாதமான மேயும் உள்ளே வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் பழக்கம் ஊன்றிவிட்டால், பிறகு படகு இறங்கினாலும் நிற்கும்.

பதில் 3: வின்சென்ட் சபை

மற்ற எல்லாம் பிசகினாலும் திருத்திக்கொள்ளலாம். உதவி பெறுகிறவரின் பெயர் வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. 1833இல் பாரிசில் ஓசானாமும் தோழர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய நாள்முதல் வீடு தேடிப் போவதுதான் எங்கள் அடிப்படை வேலை, அந்த வீட்டுச் செய்தியைக் காப்பது அதன் பாதி. ஆகவே குழுவில் பெயர், போட்டோ, மருத்துவச் சீட்டு, ஆதார் நகல் எதுவும் வரக்கூடாது. ‘கோப்பு 7, இந்த வாரம் யார்?’ என்று எண் மட்டும். பெயர் எழுதிய நோட்டு செயலாளர் வீட்டுப் பெட்டியில். ‘மறையும் செய்தி’ போட்டிருக்கிறோமே என்று நம்ப வேண்டாம். படம் மறையுமுன்பே யாராவது அதைத் தன் போனில் சேமித்திருக்கலாம். பொட்டலம் கொடுக்கும் படம் எடுப்பதையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். வாங்குகிறவருக்கும் பிள்ளைகள் உண்டு, அந்தப் படம் பள்ளிக்கூடம் வரை போகும்.

பணம்: பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கவே கூடாது. நேர்மையானவர் என்றாலும் அவர் வீட்டுச் செலவோடு கலந்துவிடும், கணக்குக் கேட்டால் மனஸ்தாபம். இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கின் க்யூஆர் அட்டையைப் பயன்படுத்துங்கள். கூட்டத்தில் பை சுற்றுவதையும் விடாதீர்கள். பையில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது, யுபிஐயில் தெரியும். இல்லாதவர் கூசாமல் அமர அந்தப் பை வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் இந்தியக் குடிமகனாகத் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கலில்லை. குடியுரிமை மாற்றியவர் தந்தால் அது அயல்நாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் தொடக்கூடாது. மறைமாவட்டப் பொருளாளரிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வியாளர்: முத்துநகர்ப் பங்கு

மிக்க நன்றி. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களை எப்படிச் சேர்ப்பது? பழைய குழுவை அழித்துவிடலாமா?

பதில் 2: அன்பியப் பொறுப்பாளர்

ஒவ்வொரு பெரியவருக்கும் அதே குழுவில் பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போலில் அவர் சார்பில் யாரும் அழுத்த வேண்டாம், எண்ணிக்கை குழம்பும். கேட்டறிந்து தலைவரிடம் சொன்னால் போதும். பழைய குழுவை அழிக்காதீர்கள், கோபம் வரும். அரட்டைக்கு அது கிடக்கட்டும். அறிவிப்பு மட்டும் இனி அங்கே போடாதீர்கள்.